கால் கொழுப்பு வீக்கமும் உறிஞ்சு சிகிச்சை முறைகளும்



இடுப்புக்கு மேலே ஒல்லியாகவும் இடுப்புக்குக் கீழே பருமனாகவும் இருக்கும் பெண்களை நம் தோட்டங்களில் நாம் பார்த்திருப்போம். மேல்சட்டை ஓர் அளவு, சிலுவார் வேறு அளவு. காலையில் ரப்பர் பூட்ஸ் ஏறாது. சிரமப்பட்டு ஏற்றினால் மாலையில் கழற்ற முடியாது. உதிரிப்பழச் சாக்கு லேசாக இடித்தாலும் தொடையில் நீலம் பாய்ந்துவிடும். பிள்ளை ஓடி வந்து மடியில் ஏறினால் உயிர் போகிற வலி. இப்படிப்பட்டவரைப் பார்த்து, "சோற்றைக் குறைத்துக்கொள்" என்று சொல்லாதவர் கிடையாது. குறைத்துப் பார்த்தவர்களும் உண்டு. முகம் வாடிப்போகும், தோள் எலும்பு தெரியும். கால் மட்டும் அப்படியே இருக்கும். பிறகு அந்தப் பெண்ணே தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்ளத் தொடங்குவார்.

இந்தக் காலுக்கு ஒரு பெயர் இருக்கிறது. லிப்பிடீமா என்பது அந்தப் பெயர். தமிழில் கொழுப்பு வீக்கம் என்று சொல்லிக்கொள்வோம். 1940ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆலன், ஹைன்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் இதை முதன்முதலாக விவரித்து எழுதினார்கள். இவ்வளவு பழைய செய்தியாக இருந்தும், உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதற்குத் தனி இடம் கிடைத்தது 2022இல் நடைமுறைக்கு வந்த 11ஆம் பதிப்பில்தான். பெண்களின் கால்வலி என்றால் மருத்துவ உலகத்துக்கும் கொஞ்சம் நிதானம்தான் போலிருக்கிறது.

இப்போது கைத்தொலைபேசியைத் திறந்தால் விளம்பரங்கள் வருகின்றன. அதிர்வுக் குழாய் முறை, நீர்ப்பாய்ச்சு முறை, லேசர் முறை என்று பல பெயர்களில் கொழுப்பை உறிஞ்சி எடுப்பதாகச் சொல்கிறார்கள். நகையை அடகு வைத்தோ, சேமித்து வைத்ததை எல்லாம் எடுத்தோ செய்துகொள்ளலாமா என்று கேட்கும் குடும்பங்கள் உண்டு. இந்த முறைகள் என்ன, ஒன்றுக்கொன்று எப்படி வேறுபடுகின்றன, எதைப் பார்த்து முடிவு செய்வது என்பதையே இன்று நாம் பேசப்போகிறோம்.

அதற்கு முன் ஒன்று. கால் வீங்கியவர்கள் எல்லாருக்கும் கொழுப்பு வீக்கம் இல்லை. கால் வீக்கம் என்றதும் நம் பெரியவர்களுக்கு யானைக்கால்தான் நினைவுக்கு வரும். சுகாதாரப் பணியாளர்கள் இரவு நேரத்தில் லயத்துக்கு வந்து விரலில் குத்தி இரத்தம் எடுத்துப் போனதை அவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அந்த நோயின் நுண்புழுக்கள் இரவில்தான் இரத்தத்தில் நடமாடும் என்பதால் அப்படிச் செய்தார்கள். யானைக்கால் கொசுவால் வருவது. காய்ச்சலும் தொடை இடுக்கில் நெறிகட்டலும் வந்து போகும். பெரும்பாலும் ஒரு கால் மற்றதைவிட அதிகமாக வீங்கும். பாதமும் சேர்ந்து வீங்கும்.

கொழுப்பு வீக்கம் அப்படியல்ல. இரண்டு காலும் ஒன்றுபோலப் பருக்கும். கணுக்காலுக்கு மேலே சதை ஒரு வளையம் போட்டதுபோல் நின்றுவிடும். பாதம் பழைய அளவிலேயே இருக்கும். சிலருக்கு மேல்கையிலும் வரும், மணிக்கட்டோடு நின்றுவிடும். அழுத்தினால் வலிக்கும், காரணமின்றி நீலம் பாயும். பெரிய பிள்ளையாகும் வயதிலோ, கருவுற்ற காலத்திலோ, மாதவிலக்கு நிற்கும் வயதிலோ தலைகாட்டும். தாய்க்கு இருந்தால் மகளுக்கும் இருப்பதைப் பல குடும்பங்களில் காணலாம். ஆண்களுக்கு வருவது மிக மிக அரிது.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. கால் பெருவிரலுக்கு அடுத்த விரலின் அடிப்பகுதியில், மேல்புறத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். தோல் மடிப்பாகத் தூக்க வந்தால், கொழுப்பு வீக்கமாக இருக்க இடமுண்டு. தடித்துப் போய்க் கிள்ளவே முடியவில்லை என்றால், அது நிணநீர் தேங்கிய வீக்கம். நிணநீர் என்பது இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து உடம்பெங்கும் ஊறும் தெளிந்த நீர். அதைத் திரும்ப எடுத்துச் செல்ல மெல்லிய குழாய்கள் தனியாக உண்டு. யானைக்காலில் பழுதாவது அந்தக் குழாய்களே. கட்டை விரலால் முன்காலை அழுத்தினால் குழி விழுந்து நிற்கிறது என்றால், இருதயமோ சிறுநீரகமோ காரணமாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாகி வலித்தால், குழாயில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கொழுப்பு வீக்கத்தைக் காட்டிக்கொடுக்கும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. விவரம் அறிந்த மருத்துவர் கேட்டும் தொட்டும் பார்த்தே முடிவு செய்கிறார்.

இந்த நோய்தான் என்று உறுதியானவுடன் அறுவைக்கு ஓட வேண்டியதில்லை. அளவெடுத்துத் தைத்த இறுக்கக் காலுறை, நடை, நீரில் நின்று செய்யும் பயிற்சி, நிணநீரை மேல்நோக்கித் தள்ளும் மென்மையான தடவல், இவைதான் முதல் வைத்தியம். நம் ஊர் வெயிலில் இறுக்கக் காலுறையோடு செம்பனைக் காட்டில் நிற்பது எவ்வளவு கொடுமை என்பது நமக்குத் தெரியாததல்ல. வேலை நேரத்தில் முடியாதவர்கள் வீடு திரும்பிக் குளித்த பிறகு போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரைக் கேட்கலாம். உணவுக் கட்டுப்பாடு இந்தக் கொழுப்பைக் கரைக்காது என்பது உண்மை. ஆனால் அதன்மேல் சாதாரணப் பருமனும் ஏறினால் வலி கூடும், நடை குறையும். ஆகவே எடையைக் கவனிப்பது வீண் வேலை அல்ல.

இத்தனை செய்தும் வலி அடங்காதவர்களுக்கே அறுவை.

கொழுப்பை எடுக்கும் வேலை தொடக்கத்தில் பயங்கரமாகத்தான் இருந்தது. 1920களில் பாரிஸ் நகரில் ஒரு நடனப் பெண்ணின் காலை மெலிய வைப்பதற்காக, கரண்டி போன்ற கருவியால் உள்ளிருந்து சுரண்டினார்கள். இரத்தக் குழாய் பழுதாகி அந்தக் காலையே எடுக்க நேர்ந்தது. அதன்பின் வெகுகாலம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. 1970களில் ரோம் நகரின் ஃபிஷர் என்ற மருத்துவரும், பாரிஸின் இல்லூஸ் என்ற மருத்துவரும் மொட்டை முனைக் குழாயை உள்ளே விட்டு உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார்கள். வழி பிறந்தது, ஆனாலும் இரத்தச் சேதம் பெரிதாக இருந்தது. எதையும் உள்ளே செலுத்தாமல் வெறுமனே உறிஞ்சும் உலர் முறையில், வெளியே வந்ததில் ஏறக்குறைய கால்பங்கு, சில வேளை அதற்கும் மேல், இரத்தமாகவே இருந்தது. நான்கு லிட்டர் எடுத்தால் ஒரு லிட்டர் இரத்தம் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

இதை மாற்றியவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜெஃப்ரி கிளைன் என்ற தோல் மருத்துவர். 1987இல் அவர் வெளியிட்ட முறைக்கு ட்யூமசென்ட் முறை என்று பெயர். ஊறவைத்து எடுக்கும் முறை என்று நாம் சொல்லலாம். உப்புநீரில் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் மருந்தையும் அட்ரினலினையும் மிகக் குறைந்த அளவில் கலந்து, லிட்டர் கணக்கில் தோலுக்கடியில் மெதுவாகச் செலுத்துவார்கள். கால் ஊறிய கடலைபோல் உப்பி இறுகும். அட்ரினலின் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். பிறகு உறிஞ்சினால், வெளிவருவதில் இரத்தம் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கும். முழு மயக்கமும் பெரும்பாலும் தேவைப்படாது. கொழுப்பு உறிஞ்சும் கலையில் நடந்த மிகப் பெரிய மாற்றம் இதுதான் என்பது நமது எண்ணம். பின்னால் வந்த கருவிகள் எல்லாம் இதன்மேல் கட்டிய மாடிகள்.

ஆனால் இந்த நீரிலும் ஆபத்து இருக்கிறது. லிக்னோகெயினை அட்ரினலினோடு சேர்த்துச் சாதாரணமாக ஊசி போடும்போது, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 7 மில்லிகிராம் என்பது வழக்கமான உச்ச அளவு. ஊறவைக்கும் முறையில் 35 மில்லிகிராம் வரை கொடுக்கலாம் என்று கிளைன் 1990இல் காட்டினார். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 2,100 மில்லிகிராம். மருந்து கொழுப்பில் தங்கி மெல்ல மெல்ல இரத்தத்தில் சேர்வதால்தான் இது முடிகிறது. அதிலேயே ஒரு சூதும் இருக்கிறது: இரத்தத்தில் மருந்தின் அளவு உச்சிக்குப் போவது அறுவை முடிந்த உடனே அல்ல, ஏறக்குறைய 12 மணி நேரம் கழித்து. அதாவது காலையில் அறுவை செய்து, மாலையில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கு நள்ளிரவில் தொல்லை வரலாம். நாக்கு மரத்துப்போதல், வாயில் உலோகச் சுவை, காதில் ரீங்காரம், தலைசுற்றல், அளவு மீறினால் வலிப்பு. சில பூஞ்சை மருந்துகளும் சில கிருமிக்கொல்லி மாத்திரைகளும் லிக்னோகெயின் உடம்பைவிட்டு வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். சாப்பிடும் மருந்து எதையும் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. நாட்டு மருந்தையும் சொல்லிவிட வேண்டும்.

இனி கருவிகளுக்கு வருவோம். கையால் குழாயை முன்னும் பின்னும் தள்ளி உறிஞ்சுவது பழைய வழி. கொழுப்பு வீக்கத்தில் சதைக்கிடையே நார் இறுகிப் போயிருக்கும். கை சலித்துவிடும், சலித்த கை முரட்டுத்தனமாகும். அதிர்வுக் குழாய் முறையில் குழாயின் முனை சில மில்லிமீட்டர் தூரத்துக்குள், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை தானே அசைகிறது. மருத்துவர் வழிகாட்டினால் போதும், தள்ளவேண்டியதில்லை. ஊறவைக்கும் முறையோடு சேர்த்து, கொழுப்பு வீக்கத்துக்கு மிக அதிகமாகக் கையாளப்படுவது இதுதான். இதன் குறை என்னவென்றால், நிறைய நீர் செலுத்தி நெடுநேரம் ஊறவிட வேண்டும். உப்பிய காலில் உண்மையான வடிவம் மறைந்துவிடுவதால், எங்கே எவ்வளவு எடுத்தோம் என்பதைக் கை அனுபவத்தால்தான் அறிய வேண்டும்.

நீர்ப்பாய்ச்சு முறையில் குழாயின் நுனியிலிருந்து விசிறிபோல் நீர் பீச்சும். அந்த வேகத்தில் கொழுப்புத் துகள்கள் நாரிலிருந்து கழன்று வரும். அதே குழாய் அவற்றை உடனுக்குடன் உறிஞ்சும். சட்டையில் ஒட்டிய சேற்றைத் தேய்க்காமல் குழாய்நீரால் அடித்துக் கழுவுவதுபோல் என்று வைத்துக்கொள்ளலாம். முன்கூட்டியே காலை உப்ப வைக்கும் அளவு குறைவு. உள்ளே தங்கும் மருந்தும் குறைவு. காத்திருக்கும் நேரமும் குறைவு. கால் உப்பாததால் மருத்துவர் வடிவத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம். ஆனால் மரத்துப்போவது அந்த அளவுக்கு ஆழமாக இராததால், மயக்க மருந்து தேவைப்படுவது இதில் அதிகம். மயக்கத்துக்கென்று தனியான ஆபத்துகளும் செலவும் உண்டு.

மூன்றாவது கூட்டம் ஒலியலை முறையும் லேசர் முறையும். இவை வெப்பத்தாலோ அதிர்வாலோ கொழுப்பை இளக்கிவிட்டுப் பிறகு உறிஞ்சுபவை. விளம்பரத்தில் இவைதான் பளபளப்பாகத் தெரியும். உள்ளே சூடு பட்டால் தோல் வெந்துபோவதும், அறுவை செய்த இடத்தில் நீர் கோத்துக்கொள்வதும் இவற்றின் தெரிந்த கேடுகள். நிணநீர்க் குழாய்களைக் காப்பாற்றியே தீரவேண்டிய இந்த நோயில் சூட்டை ஏன் உள்ளே கொண்டுபோக வேண்டும் என்று நாம் கேட்கலாம். இந்த நோய்க்கென்றே அறுவை செய்துவரும் ஜெர்மானிய மருத்துவர்கள் முதல் இரண்டு முறைகளையே பெரும்பாலும் நம்புகிறார்கள்.

நிணநீர்க் குழாய் என்றோம். பால்மரம் சீவியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மரப்பட்டையில் பால்குழாய்கள் மேலும் கீழுமாக ஓடுகின்றன. அதனால்தான் வெட்டுக்கோட்டைக் குறுக்கே சாய்வாகப் போடுகிறோம். குறுக்கே வெட்டினால்தான் குழாய் அறுபட்டுப் பால் வடியும். காலில் நிணநீர்க் குழாய்களும் மேலும் கீழுமாகத்தான் ஓடுகின்றன. இங்கே அவை அறுபடக் கூடாது. ஆகவே உறிஞ்சு குழாயைக் காலின் நீளவாட்டில், குழாய்கள் ஓடும் திசையிலேயே செலுத்த வேண்டும். குறுக்கே போகக் கூடாது. முனையும் மொட்டையாக இருக்க வேண்டும். இதை மீறினால், கொழுப்பு வீக்கத்தோடு வந்தவர் நிணநீர் வீக்கத்தோடு போவார். அதிர்வா நீரா என்பதைவிட, அந்தக் கை எந்தத் திசையில் போகிறது என்பதே பெரிது. மரம் சீவுவதில்கூடக் கத்தி நல்லதாக இருந்தும் கை சரியில்லை என்றால் பட்டை காயப்படுகிறதல்லவா?

அதிர்வு முறை சிறந்ததா, நீர்ப்பாய்ச்சு முறை சிறந்ததா என்று தீர்ப்புச் சொல்லக்கூடிய ஒப்பீட்டு ஆய்வு ஏதும் இல்லை. "எங்கள் இயந்திரம்தான் முதல் தரம்" என்று யாராவது சொன்னால், அவர் இயந்திரத்துக்குச் செலவிட்ட பணத்தை நினைத்துச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரி, பலன் நிலைக்கிறதா? ஜெர்மனியின் லூபெக் நகர மருத்துவர்கள் ஊறவைக்கும் முறையில் அறுவை செய்துகொண்ட 60 பெண்களை 4, 8, 12 ஆண்டுகள் கழித்துக் கேட்டு, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். வலியும் நீலம் பாய்வதும் குறைந்த நிலையிலேயே இருந்தன. காலுறையும் தடவலும் பலருக்கு முன்போல் தேவைப்படவில்லை. ஆனால் அறுவை செய்யாத பெண்களை அருகில் வைத்து ஒப்பிடாத ஆய்வு இது. அதனால்தான் நாடுகள் தயங்கின. பிரிட்டனின் மருத்துவத் தர நிர்ணய அமைப்பான நைஸ், பாதுகாப்புக் குறித்த சான்றுகள் போதவில்லை, இந்த நோய்க்கு இதை ஆராய்ச்சியாக மட்டுமே செய்யலாம் என்று 2022இல் கூறியது. உடலில் நீர்ச்சமநிலை கெடுவது, இரத்தம் உறைவது, கொழுப்புத் துகள் இரத்தத்தில் கலப்பது, மரப்பு மருந்து நஞ்சாவது ஆகியவற்றை அது எடுத்துக்காட்டியது.

ஜெர்மனி வேறு வழியில் போனது. 2020 ஜனவரி முதல், முற்றிய மூன்றாம் நிலையிலுள்ள பெண்களுக்கு மட்டும் பொதுக் காப்புறுதியில் இந்த அறுவையை அனுமதித்தது. கூடவே, அறுவையையும் காலுறை வைத்தியத்தையும் ஒப்பிடும் பெரிய ஆய்வு ஒன்றையும் நடத்தச் செய்தது. வலி குறைப்பதில் அறுவையே மேல் என்று அந்த ஆய்வு காட்டியதால், 2025 ஜூலையில் எல்லா நிலைகளுக்கும் அனுமதி விரிவுபடுத்தப்பட்டது. அவர்கள் வைத்த நிபந்தனைகளை நாம் நம் வீட்டு அளவுகோலாகவும் எடுத்துக்கொள்ளலாம். முதலில் ஆறு மாதம் காலுறை வைத்தியம் முறையாகச் செய்து பார்த்திருக்க வேண்டும். ஒரே நாளில் 3 லிட்டருக்கு மேல் கொழுப்பு எடுத்தால், குறைந்தது 12 மணி நேரம் கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும். அந்த 12 மணி நேரக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்பது உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும்.

நம் நாட்டு நிலை வேறு. பல காப்புறுதித் திட்டங்கள் கொழுப்பு உறிஞ்சுவதை அழகுக்காகச் செய்வதாகக் கருதி ஒதுக்கிவிடும். பணம் கையிலிருந்து போகும். அதுவும் ஒரு தடவையோடு முடியாது. முழங்காலுக்குக் கீழ் ஒரு முறை, தொடைக்கு ஒன்றிரண்டு முறை, கைக்கு ஒரு முறை என்று இரண்டு முதல் நான்கு தடவை ஆகலாம். முதல் தவணைக்குப் பணம் இருக்கிறது என்று தொடங்கிவிட்டுப் பாதியில் நிற்பது நல்லதல்ல. மலிவு என்று அழகு நிலையத்துக்குப் போவதோ அதைவிடக் கேடு. 2020 அக்டோபரில் கோலாலம்பூரில் ஓர் அழகு நிலையத்தில் கொழுப்பு உறிஞ்சிக்கொண்ட ஓர் இளம்பெண் உயிரிழந்த செய்தியை நாளேடுகளில் படித்திருப்போம். அரசாங்க சுகாதார கிளினிக்கில் காலைக் காட்டி, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புக் கடிதம் வாங்குவதே சரியான முதல் படி. தனியார் மருத்துவரிடம் போவதானால், அவர் பெயர் தேசிய நிபுணர் பதிவேட்டில் இருக்கிறதா என்று படித்த பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அவரிடம் கேட்கத் தயங்கவும் வேண்டாம். இந்த நோய்க்காக எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் ஐயா, குழாயை எந்தத் திசையில் விடுவீர்கள், மரப்பு மருந்து என் எடைக்கு எவ்வளவு, அன்று இரவு நான் எங்கே இருப்பேன், மொத்தம் எத்தனை தடவை, எல்லாம் சேர்த்து எவ்வளவு வெள்ளி? இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்பவரே நமக்கு வேண்டியவர். நோய் அடியோடு போய்விடும் என்று உறுதி சொன்னால் சந்தேகப்படுங்கள். எடுத்த கொழுப்பு போனதுதான். ஆனாலும் எடை ஏறினாலோ பிள்ளைப்பேறு வந்தாலோ மிச்சமிருப்பது பெருக்கலாம். தோல் தொங்குவதும் உண்டு.

அறுவைக்குப் பிறகு ஓரிரு நாள் துளைகளிலிருந்து இளஞ்சிவப்பு நீர் கசியும், பயப்பட வேண்டாம். மெத்தைமேல் பிளாஸ்டிக் விரிப்பும் பழைய துண்டும் போட்டுவையுங்கள். பல வாரங்களுக்கு இறுக்க உடை அணிய வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க, அன்றைக்கே மெதுவாக எழுந்து வீட்டுக்குள் நடக்க வேண்டும். குலை தூக்குவது, தள்ளுவண்டி இழுப்பது போன்ற வேலைக்கு எப்போது திரும்பலாம் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி, முன்கூட்டியே கங்காணியிடம் கொடுத்துவிடுங்கள். முதல் இரவு வீட்டில் ஒருவர் விழித்திருந்து துணைக்கு இருக்க வேண்டும். நாக்கு மரத்துப் பேச்சுக் குழறினாலோ, மூச்சுத் திணறினாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் 999க்கு அழையுங்கள். எந்த மருந்து எவ்வளவு கொடுத்தார்கள் என்ற சீட்டு கையில் இருக்கட்டும். வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.